சுட்டி தயங்கும் கணிப்பொறி

கையை அசைத்து ஒரு கணம் கழிந்த பின்னரே திரையில் அம்புக்குறி நகர்கிறது. சாளரம் ஒன்றைப் பற்றி இழுத்தால் அது விட்டு விட்டுப் பின்தொடர்கிறது. எட்டு, பத்து ஆண்டுகள் உழைத்த மேஜைக் கணிப்பொறியில் இக்குறை தோன்றினால், புதியதொன்றை வாங்கிவிடும்படி கடைக்காரர் சொல்லிவிடுவதுண்டு. வேற்று மாநிலத்தில் மொழி முழுதும் கைவராத நிலையில் நம்மவர் பலர் மறுபேச்சின்றி இசைந்தும் விடுகின்றனர். ஊரிலுள்ள பெற்றோரின் முகம் காண்பதும் பிள்ளைகளின் பாடமும் அந்த ஒரு பெட்டியை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது சிறிய செலவன்று. ஆகவே, குறை எங்குள்ளது என்பதை முதலில் ஆராய்வோம்.

அம்புக்குறி மட்டும் தயங்க, படமும் எழுத்தும் இயல்பாக ஓடுமாயின் குற்றம் சுட்டியினுடையது. குறும்புக்காரப் பிள்ளையையும் தமிழில் சுட்டி என்றே அழைக்கிறோம், பெயர் பொருத்தமே. கண்ணாடி பதித்த மேஜை அதன் ஒளி உணரியை ஏமாற்றும்; ஒரு தாளை விரித்தாலே போதும். கம்பியில்லாச் சுட்டியாயின் அதன் ஏற்பியை, பெரும்பாலும் நீல நிறமாயிருக்கும் யு.எஸ்.பி. 3 துளையிலிருந்து எடுத்து, விலகியுள்ள வேறு துளையில் செருகுக. அருகே யு.எஸ்.பி. 3 கருவி இயங்கும்போது எழும் மின் இரைச்சல், சுட்டி பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடக்கூடும்.

திரை முழுவதுமே தயங்கினால் செய்தி வேறு. 1920க்கு 1080 என்னும் அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 முறை புதுப்பிப்பதாயின் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளைத் தீட்டவேண்டும். இதற்கெனவே கிராபிக்ஸ் சில்லு என்னும் தனி ஓவியன் பெட்டியினுள் அமர்ந்திருக்கிறான். டிரைவர் என்னும் மென்பொருளே அவனுக்கு ஆணையிடுவது. அது இல்லையேல் அவன் கைகட்டி நிற்க, அவன் வேலையும் மையச் செயலியின் தலையில் விழுகிறது. விண்டோஸைப் புதிதாக நிறுவிய பின் இவ்வாறு நேர்வதுண்டு. டிவைஸ் மேனேஜரில், டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்னும் தலைப்பின் கீழ் 'மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றிருந்தால் நோய் இன்னதென ஐயமறத் தெளியலாம். தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து அந்த மாடலுக்குரிய டிரைவரை இறக்கி நிறுவுவதற்குக் காசு வேண்டியதில்லை.

டிரைவர் சரியாயிருந்தும் தயக்கம் நீங்காவிடில், கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துக. டாஸ்க் மேனேஜர் திறக்கும். மெமரி நிரம்பி, டிஸ்க்கும் இடையறாது 100 விழுக்காட்டை ஒட்டி நின்றால், நினைவகம் போதாமல் மெதுவாகச் சுழலும் வன்தட்டு துணைக்கு அழைக்கப்படுகிறது என்று ஊகிக்கலாம். ரேமைக் கூட்டுவதும், வன்தட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. பொருத்துவதும் பழைய பெட்டிக்குப் புத்துயிர் தரும். செலவிடுவதாயின் இவற்றிலேயே செலவிடுக என்பது நம் கருத்து. கோடையில் மட்டும் மந்தமானால் விசிறியில் படிந்த தூசியைக் கவனிக்க. சூடு மிகுந்தால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மின்தொடர்பை அகற்றிய பின்னரே பெட்டியைத் திறக்கவேண்டும்.

கடைக்குச் சென்றே தீரவேண்டுமாயினும் மொழி குறித்து அஞ்சவேண்டியதில்லை. டிரைவர், ரேம், எஸ்.எஸ்.டி. ஆகிய சொற்கள் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் இவ்வாறே வழங்குகின்றன. இன்னது வேண்டும் என்று பெயர் சொல்லியே கேட்கலாம்.