வளரும் ஊர், சுருங்கும் வெளி - 8: பத்தில் ஒரு பங்கு

திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையில் பெரம்பலூரை நெருங்க நெருங்க இரு பக்கமும் கரிசல் காடு விரிகிறது. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் என்று பருவத்துக்கு ஒரு நிறம் காட்டும் மண் இது. இப்போது அந்தக் காடுகளுக்கு நடுவே வேறொரு பயிரும் முளைக்கிறது. வண்ணம் பூசிய எல்லைக் கற்கள், ஜல்லி பரப்பிய பாதைகள், 'நகர்' என்று முடியும் பெயரோடு ஒரு நுழைவு வளைவு. நேற்று ஏர் ஓடிய இடம் இன்று சதுர அடிக் கணக்கில் விலை பேசப்படுகிறது.

இந்த மாற்றத்தின் வேர் 1995இல் இருக்கிறது. அந்த ஆண்டு பழைய திருச்சி மாவட்டத்தைப் பிரித்தபோது பெரம்பலூர் மாவட்டத் தலைநகரானது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, மறு ஆண்டே மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் திரும்பவும் பிரிந்தது. ஓர் ஊர் மாவட்டத் தலைநகரானால் ஆட்சியர் அலுவலகம் வரும், நீதிமன்றம் வரும், அலுவலர் குடியிருப்பு வரும். பின்னாலேயே கல்லூரிகளும் லாட்ஜுகளும் வீட்டுமனைகளும் வரும். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. பெரம்பலூர்ப் பக்கம் நாரணமங்கலத்தில் டயர் தொழிற்சாலை. எறையூர் சிப்காட்டில் காலணிப் பூங்காவுக்கு 2022 நவம்பரில் அடிக்கல்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே மக்கள்தொகை குறைந்த மாவட்டம் பெரம்பலூர்தான். ஐந்தரை லட்சத்துக்குச் சற்று மேல். நகரத்தில் மட்டும் ஏறத்தாழ 50 ஆயிரம் பேர். மத்திய அரசின் நகரத் திட்ட வழிகாட்டி நெறிகள் (2014) ஒருவருக்குப் 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கின்றன. பெருக்கிப் பார்த்தால் பெரம்பலூர் நகருக்கு மட்டும் 125 முதல் 150 ஏக்கர் வரை தேவை. நகருக்குள் அவ்வளவு பூங்கா எங்கே இருக்கிறது? நான்கு ஊஞ்சலும் இரண்டு சறுக்கு மரமும் வைத்த சிறு பூங்காக்களை எத்தனை கூட்டினாலும் அந்தக் கணக்கு நிரம்பாது.

முன்பு இந்தக் கணக்கு யாருக்கும் தேவைப்படவில்லை. ஏரிக்கரையில் நடந்தார்கள், மந்தைவெளியில் மாடு கட்டினார்கள், களத்தில் பிள்ளைகள் பந்தாடினார்கள், கோயில் திடலில் ஊர் கூடியது. இவை எதற்கும் பூங்கா என்று பெயர்ப்பலகை கிடையாது. வருவாய்த் துறை ஏட்டில் இவற்றுக்கு இருக்கும் பெயர் புறம்போக்கு. அந்தப் பெயரே இவற்றுக்கு ஆபத்தாகவும் ஆனது. அலுவலகம் கட்டவோ குடிநீர்த் தொட்டி வைக்கவோ இடம் தேடும்போது, காசு கொடுத்து வாங்க வேண்டாத நிலம் என்று முதலில் கண்ணில் படுவது புறம்போக்குதான். ஒவ்வொரு கட்டடமும் தேவையானதுதான். ஆனால் எல்லாம் சேர்ந்து ஊரின் பொதுவெளியைச் சென்ட் சென்ட்டாகத் தின்றுவிடுகின்றன. தின்னும்போது யாரும் கணக்கு வைப்பதில்லை.

சரி, புதிதாக உருவாகும் மனைப்பிரிவுகளிலாவது பூங்கா கிடைக்காதா? கிடைக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்படி, 10 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல், மனை போடுகிறவர் சாலை நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கைப் பொதுவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்தாக வேண்டும். 3,000 முதல் 10 ஆயிரம் சதுர மீட்டர் வரை என்றால், இடம் விட முடியாத நிலையில் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 3,000 சதுர மீட்டருக்குள், சுமார் 74 சென்ட்டுக்குள் அடங்கினால் எதுவுமே விட வேண்டியதில்லை.

இந்தப் படிநிலை பெருநகரத்துக்குப் பொருந்தலாம். சிற்றூர் நகராகும் இடத்தில் இது பெரிய ஓட்டை. இங்கே நிலங்கள் பெரும்பாலும் சிறு விவசாயிகளின் கையில், ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் என்று இருக்கின்றன. அண்ணன் நிலம் இந்த ஆண்டு மனையாகிறது, தம்பி நிலம் அடுத்த ஆண்டு மனையாகிறது. இரண்டிலும் பூங்காவுக்கு இடம் விடாமலே காரியம் முடிந்துவிடும். பத்து ஆண்டில் அங்கே ஒரு முழுக் குடியிருப்பு எழுந்திருக்கும்; மரம் வைக்க மட்டும் பொது நிலம் இருக்காது. கட்டிய பணம் கஜானாவில் இருக்கலாம், பணத்தின் நிழலில் யார் உட்கார முடியும்?

அங்கீகாரமே இல்லாமல் விற்ற மனைகளின் கதை இன்னும் மோசம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றைப் பத்திரப் பதிவு செய்யத் தடை விதித்தது. 2017இல் அரசு கொண்டுவந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20க்கு முன் போட்ட மனைகளுக்கு வழி திறந்தது. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி மனை வாங்கியவர்களுக்கு அது தேவைப்பட்ட நிம்மதி. ஆனால் மனை போட்டபோதே விடாத பூங்காவை எந்த வரன்முறையாலும் வரவழைக்க முடியாது.

ஒப்படைத்த இடங்களும் தானாகப் பூங்கா ஆகிவிடுவதில்லை. வேலியும் பலகையும் இல்லாத ஒதுக்கீட்டு இடத்தில் முதலில் வருவது சீமைக்கருவேலம். அடுத்து குப்பை. அதன் பிறகு யாராவது ஒரு கொட்டகை. பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை வேறு எதற்கும் தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லிவிட்டது. பெங்களூரில் பூங்கா இடத்தை மருத்துவமனை கட்டக் கொடுத்ததை எதிர்த்து அப்பகுதி மக்கள் தொடுத்த வழக்கு அது. மருத்துவமனை நல்ல காரியம்தான் என்றாலும் பூங்கா இடம் பூங்காவுக்கே என்றது தீர்ப்பு. பெரம்பலூரிலும் அரியலூரிலும் மனை வாங்கியவர்கள் தங்கள் மனைப்பிரிவு வரைபடத்தை எடுத்துப் பார்க்கலாம். அதில் 'பூங்கா' என்று குறித்த கட்டம் இருந்தால், அந்தத் தீர்ப்பு அவர்களுக்கும் துணை நிற்கும்.

சென்ற நூற்றாண்டின் 1920களில் சென்னையில் நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உருவாக்கினார்கள். ஏரி போனது பெரும் இழப்பு. ஆனாலும் அந்தத் திட்டத்தை வரைந்தவர்கள் நடுவில் பனகல் பூங்காவுக்கு இடம் விட்டு, அதைச் சுற்றியே தெருக்களை அமைத்தார்கள். நூறு ஆண்டு நெருக்கடிக்குப் பிறகும் அந்த இடம் இருக்கிறது. முதலில் பூங்கா, பிறகு தெரு என்ற வரிசை இருந்ததால் கிடைத்த பயன் அது.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் பெரிய பொதுவெளிக்கான நிலம் இனி ஏரிகளை ஒட்டித்தான் கிடைக்கும். துறைமங்கலம் ஏரி, அரியலூர் செட்டி ஏரி போன்றவை ஊருக்குள்ளேயே இருப்பவை. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் அவற்றின் எல்லையை அளந்து ஆக்கிரமிப்பை அகற்ற அதிகாரம் தருகிறது. ஆனால் ஏரியை அழகுபடுத்துகிறோம் என்று நீர்ப்பிடிப்புக்குள்ளேயே மண்ணைக் கொட்டி நடைபாதை போடுவது ஏரியைச் சுருக்கும் வேலை. கரையின் மேல் நிழல்மரம் போதும். மதகும் கலுங்கும் வரத்து வாய்க்காலும் இருந்தபடி இருக்கட்டும்.

ஏரியை ஏரியாகவே விட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு அரியலூர் மாவட்டமே சான்று தருகிறது. புள்ளம்பாடி வாய்க்கால் வழியே காவிரித் தண்ணீர் பெறும் கரைவெட்டி ஏரி, சுமார் 454 ஹெக்டேர், 1999இல் பறவைகள் சரணாலயமானது. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் இங்கே இறங்குகின்றன. 2024 ஜனவரியில் அது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வயலுக்குத் தண்ணீர் கொடுப்பதையும் அது நிறுத்தவில்லை.

அரியலூருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லைத் தோண்டித்தான் இங்குள்ள ஆலைகள் சிமென்ட் செய்கின்றன. வெளியூர்களில் அடுக்குமாடிகள் உயர உயர இங்கே பள்ளம் ஆழமாகிறது. தங்கள் ஊர் வளர்ச்சி ஒரு பக்கம் நிலத்தை எடுக்க, தொலைதூர நகரங்களின் வளர்ச்சியும் இவர்கள் மண்ணையே எடுக்கிறது. இதற்கு ஈடாக, 2015 ஜனவரி 12க்கு முன் வழங்கிய பெருங்கனிமக் குத்தகைகளில் உரிமத் தொகையின் 30 விழுக்காடு மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு வர வேண்டும். சுற்றுச்சூழல் பாதுகாப்பு அந்தப் பணத்தின் முன்னுரிமைச் செலவுகளில் ஒன்று.

தோண்டி முடித்த சுரங்கங்களில் மழைநீர் தேங்கிப் பெரும் குளங்களாகக் கிடக்கின்றன. சொந்த ஆலைப் பயன்பாட்டுக்கான பழைய குத்தகைகள் 2030 மார்ச் 31 வரையாவது, அல்லது தொடங்கி 50 ஆண்டு முடியும் வரையாவது நீடிக்கும். சுரங்கத்தை மூடும் முன்பே மூடல் திட்டம் தந்து ஒப்புதல் பெற வேண்டும் என்பது விதி. அந்தப் பள்ளம் காடாக வேண்டுமா, குடிநீர்க் குளமாக வேண்டுமா, வேலி போட்ட வெற்றிடமாகக் கிடக்க வேண்டுமா என்பது அந்தத் தாளில்தான் முடிவாகிறது. அதை எழுதும் மேசையில் கிராம சபைக்கும் நகராட்சிக்கும் நாற்காலி வேண்டும். அரியலூர் மக்கள் இப்போதே கேட்டு வாங்க வேண்டியது அதைத்தான்.

(தொடரும்)