கடலில் காணாமல் போன படகு... ஒரு மணி நேரம் தாமதித்தால் என்ன ஆகும்? பத்தாம் வகுப்புக் கணக்கு சொல்லும் பதில்!

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, ஆழ்கடலுக்குச் சென்றிருந்த குமரி மாவட்ட மீனவர்கள் பலர் கரை திரும்பவில்லை. "சீக்கிரம் தேடுங்க" என்று அவர்களின் குடும்பங்கள் கதறியதை மறந்திருக்க மாட்டோம். அந்த 'சீக்கிரம்' எவ்வளவு முக்கியம்? பள்ளியில் படித்த வட்டத்தின் பரப்பளவே அதற்குப் பதில் சொல்லும்.

வட்டம் வளரும் விதம்

இன்ஜின் நின்றுபோன ஒரு படகு மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் மிதந்து போகிறது என வைத்துக்கொள்வோம். எந்தத் திசையில் என்று தெரியாது. அப்படியானால், கடைசியாக இருந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள்தான் தேட வேண்டும்.

ஒரு மணி நேரத்தில் வட்டத்தின் ஆரம் 2 கி.மீ., இரண்டு மணி நேரத்தில் 4 கி.மீ. அதாவது, ஆரம் = 2 × நேரம். இது ஒரு சார்பு. நேரத்தைக் கொடுத்தால் ஆரத்தைத் தரும்.

பரப்பளவு = 3.14 × ஆரம் × ஆரம். இது இரண்டாவது சார்பு. முதல் சார்பின் விடையை இதற்குள் போட்டால், பரப்பளவு = 12.56 × நேரம் × நேரம். பத்தாம் வகுப்பின் 'உறவுகளும் சார்புகளும்' பாடத்தில் வருகிற அதே விஷயம்தான்!

இப்போது நேரத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

1 மணி நேரம்: சுமார் 12.5 சதுர கி.மீ.
2 மணி நேரம்: சுமார் 50 சதுர கி.மீ.
6 மணி நேரம்: சுமார் 452 சதுர கி.மீ. சென்னை மாநகராட்சியை விடப் பெரிது!
12 மணி நேரம்: சுமார் 1,809 சதுர கி.மீ. குமரி மாவட்டத்தையே தாண்டிவிட்டது.
24 மணி நேரம்: சுமார் 7,235 சதுர கி.மீ. கோவை மாவட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு!

நேரம் இரண்டு மடங்கானால் தேட வேண்டிய இடம் நான்கு மடங்காகிறது. முதல் ஒரு மணி நேரத்தில் வட்டம் 12.5 சதுர கி.மீ.தான். 23-வது மணியிலிருந்து 24-வது மணிக்குள் மட்டும் சுமார் 590 சதுர கி.மீ. கூடிவிடுகிறது. எந்தக் கட்டத்திலும் 'இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம்' என்பது சின்ன விஷயம் இல்லை.

இடம் தெரியாவிட்டால்?

படகு கடைசியாக இருந்த இடமே 10 கி.மீ. முன்பின்னாகத்தான் தெரியும் என்றால், ஆரம் = 10 + 2 × நேரம். ஆறு மணி நேரத்தில் ஆரம் 22 கி.மீ. பரப்பளவு சுமார் 1,520 சதுர கி.மீ. இடம் சரியாகத் தெரிந்திருந்தால் 452 போதுமே! கடைசி ஜி.பி.எஸ். புள்ளி எவ்வளவு பெரிய உதவி என்பது புரிகிறதா?

நிஜக் கடலில்...

காற்றும் நீரோட்டமும் படகை ஒரு பக்கமாகத் தள்ளும். அதனால் நிஜத்தில் தேடும் பகுதி அச்சு அசலான வட்டமாக இருக்காது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் 'சாரட்' என்ற கணினிக் கருவி, காற்று, நீரோட்டம், காணாமல் போனது படகா, ஆளா என்பதையெல்லாம் வைத்து, எங்கே இருக்க வாய்ப்பு அதிகம் என்று கணித்துச் சொல்கிறது. இஸ்ரோ உருவாக்கிய அபாய எச்சரிக்கைக் கருவியின் பட்டனை அழுத்தினால், படகு இருக்கும் இடம் செயற்கைக்கோள் வழியே மீட்பு மையத்துக்குப் போய்விடும். வட்டம் வளர்வதற்கு முன்பே சுருக்கிவிடுகிற வழி இது.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. எந்தப் பக்கம் போகிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்பதை எழுதி வாங்கி வையுங்கள். நேரம் தவறினால், கடலோரக் காவல்படையின் 1554 என்ற இலவச எண்ணுக்கு உடனே சொல்லுங்கள்.

திருவிழாக் கூட்டத்திலும் இதே கணக்குதான். நிமிடத்துக்கு 50 மீட்டர் நடக்கும் குழந்தை 10 நிமிடத்தில் அரை கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கும். 20 நிமிடமானால் தேட வேண்டிய இடம் நான்கு மடங்கு. 'இங்கதான் எங்கயாவது இருப்பான்' என்று காத்திருக்காமல், முதல் நிமிடத்திலேயே மைக்கில் அறிவிக்கச் சொல்லிவிடுங்கள்!