தீமோட சேர்ந்து வர்ற பேஜ் பில்டர்: வாங்கற விலையை விட வெளிய வர்ற விலையைப் பாருங்க



சம்பளம் போக மாசம் அஞ்சாயிரமோ பத்தாயிரமோ கூடுதலா வரணும்னு நினைக்கறவங்க பல பேர் கடைசியில ஒரு கேள்வியில வந்து நிப்பாங்க. "சொந்தமா ஒரு வெப்சைட் போடணும். கோடிங் தெரியாது. மவுஸால இழுத்து வெச்சாலே பக்கம் ரெடியாகற மாதிரி பில்டரோட தீம் கிடைக்குதாமே, வாங்கலாமா?"

வாங்கலாம். ஆனா ஒரு இன்சூரன்ஸ் பாலிசி எடுக்கும்போது என்ன கேப்பீங்களோ, அதை இங்கயும் கேக்கணும். பிரீமியம் எவ்வளவுன்னு மட்டும் கேட்டா போதாது. நடுவுல சரண்டர் பண்ணா கைக்கு என்ன வரும்னும் கேக்கணும்.

கணக்கா பேசறதுக்கு ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். உங்க சொந்த ஊர் செய்யூர் பக்கம். வேலை பரனூர் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில, சம்பளம் 40,000. ஊர்ல அப்பா கட்டின மாடியில ரெண்டு ரூம் சும்மா கிடக்கு. சனி, ஞாயிறு ஆனா சென்னைல இருந்து ஈசிஆர் வழியா முதலியார்குப்பம் படகுத் துறைக்கும், கடப்பாக்கம் ஆலம்பரைக் கோட்டைக்கும் குடும்பம் குடும்பமா வர்றாங்க. ரூமை ஒரு ராத்திரிக்கு 2,500 ரூபாய்க்கு விடறீங்க. புக்கிங் ஆப் 15% கமிஷன் எடுத்தா 375 ரூபாய் போச்சு. ஒரு தடவை வந்து தங்கினவங்க அடுத்த தடவை நேரா உங்க சைட்லயே புக் பண்ணா அந்த 375 உங்களுக்கு. (ஹோம்ஸ்டே பதிவு, வருமான வரி எல்லாம் தனிக் கதை. இன்னிக்கு சைட் மட்டும்.)

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். கூகுள் மேப்ல பிசினஸ் புரொஃபைல் போடறது இலவசம். அதையே இன்னும் போடலைன்னா, இந்தக் கட்டுரையை இங்கயே நிறுத்திட்டு அதைப் போட்டுட்டு வாங்க. போட்டோ, போன் நம்பர், ரூட் மூணும் அதுலயே கிடைச்சுடும். அதுக்கு அப்புறமும் சைட் வேணும்னு தோணினா மேல படிங்க.

இந்த பில்டர் என்ன பண்ணுது?

வேர்ட்பிரஸ் தெரிஞ்சிருக்கும். 2003-ல வந்த இலவச சாஃப்ட்வேர். இன்னிக்கு உலகத்துல இருக்கற வெப்சைட்ல பத்துக்கு நாலு அதுலதான் ஓடுது. தீம்ங்கறது அதுக்கு மாட்டற சட்டை. ரொம்ப நாள் வரைக்கும் தீம் வாங்கினா கலர், எழுத்து, மெனு இவ்வளவுதான் மாத்த முடியும். பேனர் இங்க, படம் அங்கன்னு இஷ்டத்துக்கு வெக்கணும்னா டெவலப்பர்தான் வரணும்.

இதை மாத்தின தீம்கள்ல ரெண்டு ரொம்பப் பிரபலம். ஒண்ணு 2012-ல வந்த அவாடா. இன்னொண்ணு எலிகன்ட் தீம்ஸ் கம்பெனி 2013 கடைசில விட்ட டிவ்வி (வீட்டு டிவி இல்லைங்க!). ரெண்டுக்கும் பில்டர் சொந்தமா, சேர்ந்தே வருது.

டிவ்வியில வேலை எப்படின்னா, பக்கத்தை மூணு அடுக்கா பிரிச்சுக்கணும். வெளிய பெரிய பெட்டி செக்‌ஷன், அதுக்கு நீலப் பட்டை. உள்ள வரிசை, அதுக்குப் பச்சை. வரிசையை ரெண்டு காலமாவோ மூணு காலமாவோ பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் மாட்யூல் போடணும்: போட்டோ, எழுத்து, பட்டன், மேப், ஃபார்ம். எதையும் பிடிச்சு இழுத்து இடம் மாத்தலாம். கலர் பட்டையைக் கவனிக்காம இழுத்தா மட்டும், ஒரு போட்டோவை நகர்த்தப் போய் மொத்த செக்‌ஷனும் கீழ போயிடும். ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தா பழகிடும்.

புதுசா ஆரம்பிக்கறவங்க பெருசா கண்டுக்காத ஒரு வசதி இருக்கு: குளோபல். ஒரு தடவை செஞ்சு வெச்ச அட்ரஸ் பெட்டியை எல்லாப் பக்கத்துலயும் போடலாம். ஒரு இடத்துல மாத்தினா எல்லா இடத்துலயும் மாறிடும். இதோட அருமை நம்ம ஊர்க்காரங்களுக்கு நல்லாப் புரியும். 2019 நவம்பர் 29 வரைக்கும் செய்யூர் காஞ்சிபுரம் மாவட்டம், அதுக்கு அப்புறம் செங்கல்பட்டு மாவட்டம். இருபது பக்கத்துல தனித்தனியா அட்ரஸ் டைப் பண்ணி வெச்சிருந்தவங்க இருபது தடவை திருத்தணும். குளோபலா வெச்சிருந்தவங்களுக்கு அது ஒரு நிமிஷ வேலை.

காசு கணக்கு

டிவ்வியோட பட்டியல் விலை பல வருஷமா ஒரே மாதிரிதான்: வருஷத்துக்கு 89 டாலர், இல்லன்னா ஒரே தடவை 249 டாலர். ஆஃபர் நாள்ல குறையும். டாலரை ரவுண்டா 90 ரூபாய்னு வெச்சுக்குவோம். 89 டாலர்னா 8,010. அத்தோட முடிஞ்சதுன்னு நினைச்சுடாதீங்க. வெளிநாட்டுக் கம்பெனிக்கு டாலர்ல கட்டினா பல கார்டுகள் 3.5% மார்க்கப் போடும், அந்த மார்க்கப் மேல 18% ஜிஎஸ்டி. மொத்தம் 8,341 ஆகுது. ஒரே தடவை கட்டற பிளான் இதே கணக்குல 23,335. அதாவது சைட்டை மூணு வருஷம் நடத்துவோம்னு நிச்சயமா தெரிஞ்சா பெரிய பிளான் லாபம். தெரியலைன்னா, முதல் வருஷம் சின்னதையே எடுங்க. ஒரு வருஷத்துக்குள்ள தூசி படிஞ்சு போற சைட்டுகள்தான் நிறைய.

8,341 ரூபாயை எடுக்க எத்தனை நேரடி புக்கிங் வேணும்? ஒண்ணுக்கு 375 மிச்சம்னா 23 ராத்திரி. ரெண்டு ரூம் இருக்கற வீட்டுக்கு இது ஒரு வருஷத்துல எட்டக்கூடிய எண்ணிக்கைதான். டொமைன், ஹோஸ்டிங் இதுல சேரலை. ஹோஸ்டிங் வாங்கும்போது முதல் வருஷ விலையைப் பார்த்து மயங்காதீங்க, ரெண்டாவது வருஷ ரினியூவல் விலையைத் தேடிப் பாருங்க. அது எப்பவும் கீழ சின்ன எழுத்துலதான் இருக்கும்.

சந்தா கட்டறதை நிறுத்தினா சைட் மறைஞ்சுடுமான்னு ஒரு பயம் இருக்கும். மறையாது. இருக்கறது அப்படியே ஓடும். அப்டேட்டும் சப்போர்ட்டும்தான் நிக்கும். ஆனா அப்டேட் இல்லாத சைட் பூட்டு இல்லாத வீடு மாதிரி, ரொம்ப நாள் அப்படி விடக்கூடாது. "அதே தீம் ஃப்ரீயா கிடைக்குது"ன்னு டெலிகிராம்ல வர்ற ஃபைலை மட்டும் தொடவே தொடாதீங்க. அதுல யார் என்ன சொருகி வெச்சிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாது, உங்க சைட்ல விருந்தாளிகளோட போன் நம்பர் இருக்கு.

சரண்டர் பண்ணா என்ன ஆகும்?

இதுதான் யாரும் விற்கும்போது சொல்லாத பகுதி.

பில்டர்ல நீங்க பாக்கறது அழகான பேனர். ஆனா டிவ்வியோட நாலாம் பதிப்பு வரைக்கும், டேட்டாபேஸ்ல உக்காந்திருக்கறது சதுர அடைப்புக்குறிக்குள்ள எழுதின குறிப்புகள். ஷார்ட்கோட்னு பேர். அந்தக் குறிப்பைப் படிச்சு பேனரா மாத்திக் காட்டறது டிவ்வியோட வேலை. நாளைக்கு வேற தீமுக்கு மாறினீங்கன்னா அதைப் படிக்க ஆள் இல்ல. பக்கம் பூரா அடைப்புக்குறியும் எண்களுமா தெரியும். நடுநடுவுல நீங்க எழுதின பத்தி மட்டும் தப்பிச்சு நிக்கும். பட்டன் மேல போட்ட வார்த்தை, சில தலைப்புகள் எல்லாம் குறிப்புக்குள்ளயே சிக்கிக்கும். அஞ்சாம் பதிப்புல ஷார்ட்கோடை விட்டுட்டு வேற வடிவத்துக்குப் போயிட்டாங்க, நல்ல விஷயம்தான். ஆனாலும் பக்கத்தை வரைஞ்சு காட்ட டிவ்வி வேணும்ங்கறது மாறலை.

யூலிப் நினைவுக்கு வருதா? இன்சூரன்ஸும் முதலீடும் ஒரே பொட்டலத்துல, லாக்-இன் அஞ்சு வருஷம். இங்க சட்டையும் தையல் மெஷினும் ஒரே பொட்டலம், லாக்-இன் எவ்வளவுன்னு எங்கயும் எழுதி இருக்காது. டேர்ம் தனி, மியூச்சுவல் ஃபண்ட் தனின்னு நாம சொல்ற மாதிரி இங்கயும் ஒரு வழி இருக்கு: லேசான இலவச தீம், அதுக்கு மேல தனி பில்டர். 2016-ல வந்த எலிமென்டார் அப்படித் தனி பிளகின். அதைக் கழட்டினா அலங்காரம் போகும், எழுத்தும் படமும் பெரும்பாலும் நிக்கும். இன்னும் ஒரு படி கீழ போனா, 2018 டிசம்பர்ல இருந்து வேர்ட்பிரஸ் உள்ளயே பிளாக் எடிட்டர் இருக்கு. காசு கிடையாது. 2022-ல இருந்து ஹெடர், ஃபுட்டர் கூட அதுலயே மாத்தலாம், அதுக்கான தீமா இருக்கணும். பழக கொஞ்சம் எரிச்சலா இருக்கும். என்னைக் கேட்டா, நாலு பக்கம் மட்டும் இருக்கற ஹோம்ஸ்டே சைட்டுக்கு அதுவே போதும்.

டிவ்வி தீமை மட்டும் விட்டுட்டு, டிவ்வி பில்டரைத் தனி பிளகினா போட்டு வேற தீம்ல ஓட்டவும் முடியும். பாலிசியை பெய்ட்-அப் பண்ற மாதிரி. பழைய பக்கங்கள் பிழைக்கும், ஆனா அப்டேட் வேணும்னா சந்தா தொடரும்.

சரி, அந்த லுக்குக்காக டிவ்விதான் வேணும்னா? அப்பவும் நஷ்டத்தைச் சின்னதாக்க ஒரு வழி இருக்கு. முகப்பு, ரூம், விலை, தொடர்பு மாதிரி அஞ்சு பக்கத்தை மட்டும் பில்டர்ல செய்யுங்க. "ஆலம்பரைக் கோட்டைக்கு எப்படிப் போறது", "ஓதியூர் ஏரிக்கு எந்த மாசம் பறவை வரும்" மாதிரி எழுதற கட்டுரைகளை எல்லாம் சாதாரண பிளாக் எடிட்டர்லயே எழுதுங்க. அது தீம் மாத்தினாலும் நிக்கும்.

வித்தியாசத்தை ரூபாய்ல பாருங்க. 40,000 சம்பளத்தை மாசம் 200 மணி நேரத்தால வகுத்தா உங்க ஒரு மணி நேரம் 200 ரூபாய். அறுபது பக்கமும் பில்டர்ல இருந்து, ஒண்ணுக்கு அரை மணி நேரம்னு திரும்பக் கட்டினா 30 மணி நேரம், 6,000 ரூபாய். நாலு வாரக் கடைசி காலி. அஞ்சு பக்கம் மட்டும்னா ரெண்டரை மணி நேரம், 500 ரூபாய்.

தமிழ்ல சைட் போடறவங்களுக்கு ஒரு குறிப்பு. இந்த பில்டர் டெம்ப்ளேட் எல்லாம் ஆங்கில எழுத்தை மனசுல வெச்சு செஞ்சது. தலைப்புல எழுத்து இடைவெளி கூட்டி வெச்சிருப்பாங்க, தமிழ்ல அது கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்னு பிரிச்சுக் காட்டும். அதை பூஜ்யம் ஆக்குங்க. வரி உயரத்தைக் கூட்டுங்க, இல்லன்னா மேல் வரியோட 'ஞூ' கீழ் வரியோட 'கி'யை முட்டும். எழுத்துக்கு கேட்டமரன், ஹிந்த் மதுரை, முக்த மலர் மாதிரி இலவச தமிழ் ஃபான்ட் தேர்ந்தெடுங்க. அப்புறம் போன்ல எடுத்த அஞ்சு எம்பி போட்டோவை அப்படியே ஏத்தாதீங்க. ஈசிஆர்ல காரை ஓரம் கட்டி உங்க சைட்டைத் திறக்கறவருக்கு ரெண்டு கோடுதான் சிக்னல் இருக்கும்.

வேர்ட்பிரஸே வேண்டாம்னு நினைக்கறவங்களுக்கு, நம்ம மாவட்டத்துலயே, கூடுவாஞ்சேரி எஸ்டான்சியாவுல இருந்து இயங்கற ஜோஹோவோட ஜோஹோ சைட்ஸ் இருக்கு. அதுலயும் இழுத்து வெக்கறதுதான். ஹோஸ்டிங், செக்யூரிட்டி தலைவலி அவங்களோடது. ஆனா நீங்க அங்க வாடகைக்கு இருக்கீங்க, கட்டின பக்கத்தை அப்படியே தூக்கிட்டு வேற இடத்துக்குப் போறது கஷ்டம்.

எதை எடுத்தாலும் டொமைன் உங்க பேர்ல, உங்க மெயில் ஐடியில இருக்கட்டும். டிசைன் பண்ணித் தர்ற தம்பி நல்லவராவே இருக்கலாம், அவர் பேர்ல மட்டும் வேண்டாம். பில்டர் போனா பக்கம்தான் போகும். டொமைன் போனா கடையோட பேர்ப் பலகையே போயிடும்.

புது இன்சூரன்ஸ் பாலிசிக்கு 30 நாள் ஃப்ரீ-லுக் இருக்கு இல்லையா, டிவ்விக்கும் 30 நாள் ரீஃபண்ட் இருக்கு. வாங்கின முதல் வாரமே ஒரு பக்கம் கட்டுங்க. ஹோஸ்டிங்ல ஸ்டேஜிங்னு ஒரு வசதி இருக்கும், சைட்டோட நகலை அங்க போடுங்க. நகல்ல தீமை வேர்ட்பிரஸோட சொந்த இலவச தீமுக்கு மாத்துங்க. இப்போ அந்தப் பக்கத்தைப் போன்ல திறந்து, ரூம் விலையும் போன் நம்பரும் படிக்க முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா, ரீஃபண்ட் கேக்க இன்னும் மூணு வாரம் பாக்கி இருக்கு.