விளக்கெண்ணெய் மணக்கும் ஞாயிறு

டீ சூடாக இருக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறேன். இந்தக் கதை நேர்வழியில் போகாது. மெம்ஃபிஸில் கிளம்பி, ஹாம்பர்க்கில் இறங்கி, லண்டனில் துணிமணி எடுத்துக்கொண்டுதான் டோக்கியோ வந்து சேர வேண்டும்.

டோக்கியோவில் ஹராஜுகு என்று ஒரு ஸ்டேஷன். அங்கே இறங்கிப் பாலத்தைத் தாண்டினால் ஒரு பக்கம் மெய்ஜி கோயிலைச் சுற்றிய காடு, இன்னொரு பக்கம் யோயோகி பூங்கா. ஞாயிற்றுக்கிழமை மதியம் பூங்கா வாசலில் ஒரு ஸ்டீரியோ அலறிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றிக் கறுப்புத் தோல் ஜாக்கெட்டும் ஒட்டிப் பிடித்த ஜீன்ஸும் போட்ட ஆண்கள் ட்விஸ்ட் ஆடுவார்கள். ஜாக்கெட் முதுகில் கிளப் பெயர். நெற்றிக்கு மேலே, நம் ஊரில் அந்தக் காலத்தில் ‘குருவிக்கூடு’ என்றார்களே, அதே முன்முடி, இரண்டு மடங்கு உயரத்தில். அருகிலேயே புள்ளி போட்ட குடைப்பாவாடையும் குதிரைவால் சடையுமாகச் சில பெண்கள். ஆடுகிறவர்களில் பலருக்கு ஐம்பது, அறுபது வயது.

வருகிறவர்கள் எல்லாம் முடியைத்தான் படம் எடுப்பார்கள். நீங்கள் காலைப் பாருங்கள். பல பேருடைய ஷூவின் முனையில் டேப் சுற்றியிருக்கும். கட்டைவிரல் நுனியில் எழும்பி, முட்டியை மடக்கி, தரையை அரைப்பது மாதிரி ஆடுகிற ஆட்டம் அது. எந்த ஷூவும் அதற்குத் தாங்காது; அடித்தோல் தேய்ந்து வாய் பிளந்துவிடும். பிளந்ததைத் தூக்கிப் போடுவதில்லை. மேலே டேப்பைச் சுற்றுகிறார்கள், டேப் தேய்ந்தால் அதன் மேல் இன்னொரு சுற்று. தலைக்குக் கண்ணாடி முன்னால் எவ்வளவு நேரம் செலவாகியிருக்கும் என்பது பார்த்தாலே தெரிகிறது. காலுக்கு இவ்வளவுதான். வேஷம் கட்டிப் படத்துக்கு நிற்க மட்டும் வருகிறவன் ஷூவைத் தேய்க்க மாட்டான்.

சரி, இவர்கள் யார்? எல்விஸ் ரசிகர்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவார்கள். பாதிதான் சரி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025-இல் அறுபது வயதானவர் 1965-இல் பிறந்திருப்பார். எல்விஸ் பிரெஸ்லி மெம்ஃபிஸில் முதல் இசைத்தட்டு கொடுத்தது 1954-இல். அதாவது இந்த மனிதர் கண் திறப்பதற்குள் ராக்கபில்லி என்ற அந்தப் பாட்டு வகையின் கதை முடிந்து, பீட்டில்ஸ் உலகத்தையே சுற்றி வந்துவிட்டார்கள். போதாததற்கு எல்விஸ் ஒரு தடவைகூட ஜப்பானில் வந்து பாடியதில்லை. அப்படியானால் இவர் எதை நினைத்து ஆடுகிறார்?

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். யோயோகி பூங்கா முன்பு ராணுவ அணிவகுப்பு மைதானம். 1910-இல் ஜப்பானின் முதல் விமானம் எழும்பியது அங்கேதான். போரில் தோற்ற பிறகு அமெரிக்கப் படை அதை எடுத்துக்கொண்டு, அதிகாரிகளின் குடும்பங்களுக்காக 800-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. வாஷிங்டன் ஹைட்ஸ் என்று பெயர். வேலிக்கு உள்ளே புல்வெளி, பள்ளிக்கூடம், தேவாலயம். வெளியே குண்டு விழுந்து எரிந்த டோக்கியோ. 1964 ஒலிம்பிக்ஸுக்காக நிலம் திரும்பி வந்தது, வீரர்கள் தங்கும் கிராமமானது, 1967-இல் பூங்காவாகத் திறந்தார்கள். அமெரிக்க ஊர் இருந்த மண்ணிலேயே அமெரிக்க ஆட்டம் என்று இதை வைத்து உருகி எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. இந்த ஆட்டக்காரர்கள் அங்கே ஆட வந்ததற்குக் காரணம் ரொம்பச் சாதாரணமானது, பிறகு சொல்கிறேன்.

பாட்டு ஜப்பானுக்குள் வந்தது ராணுவ முகாம் வழியாகத்தான், அதில் சந்தேகமில்லை. முகாம் கிளப்புகளில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு வாசிக்கப் போன ஜப்பானியப் பையன்கள் கன்ட்ரி பாட்டைக் கற்றுக்கொண்டார்கள். அங்கிருந்து ராக்கபில்லி ஒரு எட்டுத்தான். 1958 பிப்ரவரியில் டோக்கியோவின் நிச்சிகெகி தியேட்டரில் ‘வெஸ்டர்ன் கார்னிவல்’ என்று ஒரு கச்சேரி வாரம். ஹிராவோ மசாகி, மிக்கி கர்ட்டிஸ், யமாஷிதா கெய்ஜிரோ என்று மூன்று பையன்கள் மேடையில் உருண்டு புரள, கீழே பெண்பிள்ளைகள் காகிதச் சுருள்களை வீசிக் கூச்சல் போட, ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. ஆனால் அந்த அலை அடங்கவும் அதிக நாள் ஆகவில்லை. நம் அறுபது வயதுக்காரர் அதையும் பார்க்கவில்லை.

அவர் பார்த்தது அடுத்த சுற்றை. இங்கேதான் கதை சுவாரசியமாகிறது, இன்னொரு டீ சொல்லிக்கொள்ளலாம்.

1972 கடைசியில் கேரல் என்று ஒரு இசைக்குழு வந்தது. பாடகர் யசாவா எய்க்கிச்சி, ஹிரோஷிமாக்காரர், 1949-இல் பிறந்தவர். தோல் ஜாக்கெட், எண்ணெய் மின்னும் முடி. பார்க்க எல்விஸ் வாரிசு மாதிரி இருந்தாலும் அவர்கள் கோலத்தை எடுத்தது பீட்டில்ஸிடமிருந்து. கோட்டு சூட்டு போட்ட பீட்டில்ஸ் இல்லை. அதற்கு முன்னால் ஹாம்பர்க் கிளப்புகளில் தோல் உடுப்போடு விடிய விடிய வாசித்துக்கொண்டிருந்த பீட்டில்ஸ். மெம்ஃபிஸைப் பார்த்து லிவர்பூல் பையன்கள் போட்ட வேஷத்தை இவர்கள் போட்டார்கள். 1975 ஏப்ரலில் ஹிபியா திறந்தவெளி அரங்கில் கடைசிக் கச்சேரி. மேடையில் தீப்பிடித்து, குழுவின் பெயர்ப் பலகை எரிந்தது. கலைந்துபோக இதைவிடப் பொருத்தமான வழி இருக்கிறதா? பள்ளிக்கூடப் பையன்கள் அதற்குப் பிறகு சும்மா இருப்பார்களா?

பாட்டு கேரலிடம் கிடைத்தது, உடுப்புக்கு யமசாக்கி மசாயுகி இருந்தார். ஹொக்காய்டோவின் நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றிலிருந்து வந்தவர். எழுபதுகளின் நடுவில் ஹராஜுகுவில் ‘கிரீம் சோடா’ என்று கடை போட்டார். சிறுத்தைப்புள்ளித் துணி, மண்டையோட்டுப் படம் போட்ட பர்ஸ், அகன்ற தோள் வைத்த கோட்டு. வெளியூரிலிருந்து பள்ளிச் சுற்றுலா வருகிற பிள்ளைகள் ஊருக்குக் கொண்டுபோக அந்தப் பர்ஸை வாங்கினார்கள். வியாபாரம் பெருத்து 1982-இல் ‘பிங்க் டிராகன்’ என்று ஒரு கட்டடமே எழும்பியது. கடையின் முத்திரை வாசகத்தைத் தமிழில் சொன்னால், வாழ விடாத வேகம், சாக விடாத இளமை. அதுவும் சொந்தச் சரக்கு கிடையாது. லண்டன் கிங்ஸ் ரோடில் மால்கம் மெக்லாரன் நடத்திய கடைக்குச் சில காலம் அதுதான் பெயர். யமசாக்கி 2013-இல் இறந்துபோனார்.

இப்போது அந்தச் சாதாரணக் காரணம். 1970-இல் டோக்கியோவில் ஞாயிற்றுக்கிழமை சில பெரிய சாலைகளில் வண்டிகளை நிறுத்தி, நடப்பவர்களுக்கு விட்டார்கள். ‘ஹொகோஷா தெங்கொகு’, நடப்பவர் சொர்க்கம் என்று பெயர். வாய் சும்மா இருக்குமா, ‘ஹொகோதென்’ என்று சுருங்கியது. 1977-இல் அது ஹராஜுகுவுக்கு வந்தது. வண்டி இல்லாத அகன்ற சாலை, பெரிய கேசட் பிளேயர், செலவு ஒரு பைசா இல்லை. ஒரு பக்கம் பளபளக்கும் பட்டுத் தொளதொள உடையில் ‘தாகெனோகோ’க் கூட்டம் டிஸ்கோ ஆடியது, அந்தப் பெயருக்கு மூங்கில் குருத்து என்று பொருள், துணி வாங்கிய கடையின் பெயர் அது. இன்னொரு பக்கம் தோல் ஜாக்கெட் போட்ட ‘ரோலர்’ கூட்டம். இரண்டுக்கும் ஒத்துப்போகாது. நம் அறுபது வயதுக்காரருக்கு 1981-இல் பதினாறு வயது. வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் முடியை வெட்டு வெட்டு என்று திட்டு வாங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறி இங்கே வந்து ஆடியவர்களில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1998-இல் ஹராஜுகுவில் ஹொகோதெனை எடுத்துவிட்டார்கள், சாலையில் வண்டி ஓட ஆரம்பித்தது. ஆடியவர்கள் பூங்கா வாசலுக்கு நகர்ந்துகொண்டார்கள். என் கணக்கில் அவர்கள் விசுவாசமாக இருப்பது 1955-இன் மெம்ஃபிஸுக்கு இல்லை, 1981-இன் ஹராஜுகு ஞாயிற்றுக்கிழமைக்கு. ‘அமெரிக்காவைக் காப்பியடிக்கும் ஜப்பானியக் கிழவர்கள்’ என்று பயணக் கட்டுரைகளில் படிக்கும்போது எனக்கு எரிச்சல் வருவது அதனால்தான். காப்பி என்றால் மூலம் ஒன்று வேண்டும். மெம்ஃபிஸ், ஹாம்பர்க், கிங்ஸ் ரோடு என்று இத்தனை கை மாறி வந்ததற்கு எதை மூலம் என்பது? அவர்களுடைய சொந்தப் பதினாறு வயதைத்தான் சொல்லலாம் போலிருக்கிறது.

முடிக்கு வருவோம், எப்படியும் கேட்கப்போகிறீர்கள். அங்கே அதற்கு ‘ரீஜென்ட்’ என்று பெயர். 1930-களிலேயே ஜப்பானிய சலூன்களில் புழங்கிய சொல். கறாராகச் சொன்னால், காதோரத்து முடியை ஒட்டச் சீவிப் பின்னால் கொண்டுபோவதுதான் ரீஜென்ட்; இரண்டு பக்கமும் பின்மண்டையில் சந்திக்கும் இடம் வாத்தின் வால் மாதிரி ஒரு கோடாக நிற்கும். முன்னால் எழும்பும் கூடு வேறு கணக்கு. ஆனால் இன்று யாரைக் கேட்டாலும் அந்தக் கூட்டைத்தான் ரீஜென்ட் என்பார்கள். எண்பதுகளில் முரட்டு மாணவர்களின் அடையாளமாகி, காமிக்ஸ்களில் அது மேலும் மேலும் நீண்டு கடைசியில் ஒரு ரொட்டியளவுக்கு வந்துவிட்டது.

அதை நிறுத்தி வைப்பது பொமேட். அமெரிக்கச் சரக்கு வாசலின் மாதிரிப் பெட்ரோலியத்தில் செய்வது. ஜப்பானின் பழைய வகைப் பொமேட்டில் சேருவது என்ன தெரியுமா? விளக்கெண்ணெயும், அரக்கு மர இனத்தின் காயிலிருந்து எடுக்கும் மெழுகும். விரலில் எடுத்தால் பிசின் மாதிரி இழுக்கும், உள்ளங்கையில் தேய்த்துச் சூடு காட்டினால்தான் இளகும். முன்முடியை ஹேர் டிரையரில் நிமிர்த்தி, பொமேட்டைத் தடவி, சீப்பால் மேலே தூக்கி, பின்னால் வளைக்க வேண்டும். காற்றடித்தால் கலையும், வியர்த்தால் சரியும். அதனால்தான் பாட்டு முடிந்ததும் பின்பாக்கெட்டிலிருந்து சீப்பு வெளியே வருகிறது. ஆகஸ்டில் டோக்கியோ வெயில் 35 டிகிரியைத் தொடும். தோல் ஜாக்கெட்டுக்குள் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒப்பனைக்கு ஒரு நிபந்தனை உண்டு: முடி இருக்க வேண்டும். பதினாறு வயதில் யாருக்கும் அது நினைவுக்கு வராது. அறுபதில் நெற்றி ஏறிவிடுகிறது, முன்பக்கம் மெலிந்துவிடுகிறது. இருப்பதை வைத்து உச்சியிலிருந்தே முடியைத் திரட்டி முன்னால் கொண்டுவந்து கட்டவேண்டி வரும். முட்டியும் பழைய முட்டி இல்லை. தரையோடு தரையாக இறங்கிவிட்டு எழும்போது ஒரு கணம் தாமதமாகும். அதையும் தோளைக் குலுக்கி ஆட்டத்தோடு சேர்த்துவிடலாம்.

வாழ விடாத வேகம், சாக விடாத இளமை. அந்த வாசகத்தைப் பதினெட்டு வயதில் முதுகில் போட்டுத் திரிந்த ஒருவருக்கு இன்று அறுபதுக்கு மேல் ஆகியிருக்கும். ஜாக்கெட்டும் தேய்ந்திருக்கும், முழங்கையில் தோல் வெடித்திருக்கும். ஷூவுக்கு டேப் இருக்கிறது, ஜாக்கெட்டுக்கு ஊசிநூல் இருக்கிறது.

பொழுது சாய்ந்தால் ஸ்டீரியோவை மூட்டை கட்டவேண்டியதுதான். வீட்டுக்குப் போனால் அந்தத் தலையைக் கழுவ வேண்டும். எண்ணெயும் மெழுகும் தண்ணீரில் கரையாது. ஒரு ஷாம்பு போதாது, இரண்டாவதிலும் பிசுபிசுப்பு மிச்சம் இருக்கும். மறுநாள் வேலைக்குப் போகிறவருக்கு மூன்றாவதும் வேண்டும்.