கோர் எண்ணிக்கை ஒன்றுதான், வேகம் ஏன் வேறு?
ஏஎம்டியின் சர்வர் பிராசஸர் எபிக் 9654, வொர்க்ஸ்டேஷன் பிராசஸர் திரெட்ரிப்பர் புரோ 7995டபிள்யூஎக்ஸ். இரண்டிலும் ஜென் 4 கட்டமைப்பு, 96 கோர்கள், 384 எம்பி எல்3 கேஷ். ஆனால் கோர்களுக்குத் தீனி போடும் வழி வேறு. எபிக்குக்கு 12 மெமரி சேனல்கள். டிடிஆர்5-4800 நினைவகத்தோடு நொடிக்குச் சுமார் 460 ஜிபி வரும். திரெட்ரிப்பருக்கு எட்டே சேனல்கள். வேகமான டிடிஆர்5-5200 போட்டாலும் சுமார் 333 ஜிபிதான். விமான இறக்கைமீது காற்றோட்டத்தைக் கணக்கிடும் நிரல் ஓயாமல் தரவை இழுக்கும். அங்கே எபிக்தான் என் தேர்வு. திரெட்ரிப்பர் 5.1 கிகாஹெர்ட்ஸ் தொடுமே, எபிக் 3.7தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த உச்சம் சில கோர்கள் மட்டும் உழைக்கும்போதுதான். 96 கோர்களும் முழுமூச்சில் இறங்கினால் திரெட்ரிப்பரின் 350 வாட் மின்வரம்பில் ஒரு கோருக்கு 4 வாட்கூடத் தேறாது, வேகம் இறங்கிவிடும். ஆனால் முப்பரிமாண வடிவமைப்பில் நிறைய வேலை ஓரிரு கோர்களிலேயே நடக்கிறது. அங்கே அந்த 5.1, மேசைமுன் இருப்பவர் கண்ணுக்கே தெரியும்.