கடற்பாசிச் சாறு: புட்டியை வாங்கும் முன் ஒரு கணக்கு



இப்போதெல்லாம் எந்த இயற்கை வேளாண்மைக் கூட்டத்துக்குப் போனாலும் கடற்பாசி பற்றி ஒருவராவது கேட்டுவிடுகிறார். "பாசிச்சாறு தெளிச்சா வேற எதுவுமே போட வேண்டாமாமே சார்?" என்று போன மாதம் ஒரு தம்பி கேட்டார். இதே பேச்சை நம்பி ஒரு போகத்தைக் கெடுத்துக்கொண்டவன் நான். அந்தத் தம்பிக்குச் சொன்னதை இங்கே எல்லோருக்கும் எழுதுகிறேன்.

வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்று, சிவகங்கை மாவட்டத்தில் மூன்று ஏக்கரில் விவசாயம் செய்கிறேன். முதல் வருடம் நிலக்கடலை. கடைக்காரர் ஒருவர் ஒரு புட்டியைக் கையில் கொடுத்து, "இது இருந்தா தொழு உரமே தேவையில்ல" என்றார். எரு அடிக்கிற செலவு மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். ஆட்டுக்கிடையும் போடவில்லை. தெளித்ததும் செடி நன்றாகத்தான் எழுந்தது. நாற்பது நாளுக்குப் பிறகு வெளுக்க ஆரம்பித்தது. பறித்துப் பார்த்தால் பாதிக்குப் பாதி பொக்கு.

தப்பு பாசியுடையது இல்லீங்க. அது என்ன, என்ன செய்யும் என்று தெரியாமல் தெளித்த என்னுடையது.

சாற்றில் என்ன இருக்கிறது?

நம் ஊரில் விற்கிற திரவத்தில் பெரும்பகுதி 'கப்பாபைகஸ்' என்ற சிவப்புப் பாசியிலிருந்து வருகிறது. இதைக் கடலிலிருந்து எடுத்த ஈரத்தோடு அரைத்துப் பிழிந்தால் சாறு தனியாக வரும். சக்கையைக் காயவைத்தால் 'கராஜீனன்' எடுக்கலாம். ஐஸ்கிரீமும் பற்பசையும் கெட்டியாக நிற்பதற்குச் சேர்க்கிற பொருள் அது. சாறு வேறு, சக்கை வேறு என்று ஒரே பாசியிலிருந்து இரண்டையும் எடுக்கிற இந்த முறையை உருவாக்கியது, மத்திய அரசின் உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம். பாவ்நகரில் இருக்கிற அந்த நிறுவனத்துக்கு மண்டபத்திலும் ஒரு ஆய்வு நிலையம் உண்டு.

சாற்றில் சாம்பல் சத்து நிறைய இருக்கிறது. அதைவிட முக்கியம், ஆக்சின், சைட்டோகைனின், ஜிப்ரலின் போன்ற வளர்ச்சி ஊக்கிகள். வேர் விடு, கிளை விடு, பூ எடு என்று செடிக்குச் சொல்கிறவை இவைதான். ஆனால் தழைச்சத்தும் மணிச்சத்தும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மண்ணில் மட்கும் இல்லை, எருவும் இல்லை என்றால், "வளரு வளரு" என்று மட்டும் சொன்னால் செடி எதைத் தின்று வளரும்? என் கடலைக்கு நடந்தது இதுதான். மத்திய அரசும் 2021-ல் உரக்கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தியபோது, கடற்பாசிச் சாற்றை 'உயிரூக்கி' என்ற தனிப் பிரிவில்தான் வைத்தது. அது உரத்துக்குப் பதில் அல்ல. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், அசல் மண்ணில் இருக்க வேண்டும். பாசிச்சாறு வட்டியைக் கொஞ்சம் கூட்டித் தரும், அவ்வளவுதான்.

எங்கிருந்து வருகிறது?

கப்பாபைகஸ் நம் கடல் பாசி அல்ல. பூர்வீகம் பிலிப்பைன்ஸ். 1984-ல் ஜப்பான் வழியாக ஆராய்ச்சிக்காக குஜராத் கரைக்கு வந்து, பிறகு 1990-களில் மண்டபத்துக்கு வந்தது. 2000-த்தை ஒட்டி பெப்சி நிறுவனம் ராமநாதபுரம் கடலோரத்தில் இதை வியாபாரமாகத் தொடங்கியது.

வளர்க்கும் முறை எளிது. பத்துக்குப் பத்து அடியில் மூங்கில் மிதவை. குறுக்கே இருபது கயிறு. கயிற்றில் பாசித் துண்டுகளைக் கட்டி விடுவார்கள். ஒரு மிதவைக்கு விதைப்பாசி 60 கிலோ. ஓரா மீன் மேயாமலிருக்க அடியில் வலை. 45 நாளில் 200 கிலோவுக்கு மேல் வரும். அதில் 60 கிலோவை மறுபடி விதைக்கு வைத்துவிட்டு மீதியை விற்கலாம். நன்னீர், நிலம், உரம், பூச்சிமருந்து எதுவும் வேண்டாம். கட்டுவதிலிருந்து காயவைப்பது வரை வேலையில் பெரும்பகுதி பெண்களுடையது.

இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. அந்தக் கடலோரக் கிளை ஒன்றில் மேலாளராக இருந்தபோது மகளிர் குழுக்களுக்கு மிதவைக் கடன் கொடுத்தவன் நான். 45 நாளைக்கு ஒரு அறுவடை என்பதால் காகிதத்தில் கணக்கு அழகாக இருந்தது. 2013-க்குப் பிறகு கடல் சூடேறியது. பாசி வெளுத்து ஒடிந்தது. "சார், கயிறு மட்டும்தான் மிதக்குது" என்று குழுத் தலைவி அம்மா வந்து சொன்னார். நான் தவணைத் தேதியைச் சொன்னேன். கடன் முழுசும் கட்டி முடித்தார்கள். கட்டியது வளர்த்த பாசியை விற்றல்ல, பழையபடி தீவுப்பக்கம் போய், விரலில் துணி சுற்றிக்கொண்டு முழுகி எடுத்த பாசியை விற்று. பாறை கிழித்த அந்த விரல்களால்தான் ரசீதில் கையெழுத்துப் போட்டார்கள்.

கடன் கொடுக்கும் முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மொத்தக் கடலோரமும் ஒரே பாசியை நம்பலாமா? துண்டு வெட்டிக் கட்டியே பெருக்குவதால் எல்லா மிதவையிலும் இருப்பது கிட்டத்தட்ட ஒரே செடி. ஒன்றுக்குச் சூடு தாங்காவிட்டால் எதற்கும் தாங்காது. நிலத்தில் ஒற்றைப்பயிர் வேண்டாம் என்கிறோம். கடலுக்கும் அதே கணக்குதான்.

இன்னொன்று. ஒடிந்த துண்டு ஒதுங்கிய இடத்தில் புதுச் செடியாகும். குருசடைத் தீவருகே பவளப்பாறைகளை இது மூடி வளர்ந்திருப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். சீமைக்கருவேலத்தோடு மல்லுக்கட்டுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2023-ல் ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி போன்ற நம் கடல் இனங்களுக்கு அங்கே எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதை நாமும் கேட்க வேண்டும்.

எல்லாப் பாசியும் ஒன்றல்ல

நோன்பு மாதத்தில் இஸ்லாமியச் சகோதரர்கள் வீட்டில் செய்கிற கடல்பாசி இனிப்புக்கு ஆதாரம் 'அகர்'. அது கஞ்சிப்பாசி போன்றவற்றிலிருந்து வருகிறது. பழுப்புப் பாசிகளில் அயோடின் அதிகம். தைராய்டு தொந்தரவு உள்ளவர்கள் உடம்புக்கு நல்லது என்று பாசிப்பொடியை இஷ்டத்துக்குச் சாப்பிடக் கூடாது, மருத்துவரைக் கேளுங்கள். மாடு விடும் மீத்தேனைக் குறைப்பதாக ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்தது 'அஸ்பராகாப்சிஸ்' என்ற வேறு பாசி. கப்பாபைகஸைத் தீவனத்தில் கலந்துவிட்டு அதே பலனை எதிர்பார்க்காதீர்கள்.

எப்படிப் பயன்படுத்துவது?

1. முதலில் மண். தொழு உரம், பசுந்தாள், கிடை எதையும் குறைக்காதீர்கள்.

2. ஆய்வுகளில் பிழிந்த சாற்றைப் பெரும்பாலும் 5 முதல் 15 சதவீதம் வரை தண்ணீரில் கலந்து இலைவழி தெளித்திருக்கிறார்கள். கடைச் சரக்கு செறிவூட்டியதாக இருந்தால் அளவு மிகக் குறையும். புட்டியில் போட்டிருப்பதைப் பாருங்கள். காலையிலோ மாலையிலோ தெளியுங்கள்.

3. எந்தப் பாசி, என்ன சேர்த்திருக்கிறது என்று எழுதாத புட்டி வேண்டாம். இயற்கைச் சான்று வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் சான்றளிப்பவரைக் கேளுங்கள்.

4. கடலோர நண்பர்கள் கரையில் ஒதுங்கிய பாசியை எடுத்து, நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, மட்கில் சேர்க்கலாம். தென்னைக்கு இப்படிப் போடுவது பழைய வழக்கம். உயிரோடு இருப்பதைப் பறிக்க வேண்டாம்.

5. சோதித்துப் பார்க்காமல் முழு வயலுக்கும் அடிக்காதீர்கள். நான் கத்தரியில் இரண்டு வரிசைக்குச் சாறு, பக்கத்து இரண்டு வரிசைக்கு வெறும் தண்ணீர் தெளித்தேன். எது எது என்று காய் பறிக்கிற அக்காவிடம் சொல்லவில்லை. எரு போட்ட இடத்தில் சாறு தெளித்த வரிசை முன்னதாகப் பூத்தது, காயும் கொஞ்சம் கூடுதல். எரு எட்டாத மேட்டு மூலையில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை.

இது என் தோட்டத்துக் கணக்கு. உங்கள் மண்ணில் நாலு வரிசை ஒதுக்கி நீங்களும் எடைபோட்டுப் பாருங்கள். கூடினாலும் கூடாவிட்டாலும் இதழுக்கு எழுதுங்கள். அடுத்த முறை அந்தத் தம்பி கேட்கும்போது, நாலு பேருடைய கணக்கைக் காட்டிப் பதில் சொல்லலாம்.