விதி எங்கே முறிகிறது?

அலுவலகத் தகவல்களைக் காக்கும் விதிகளை மீறுவோர் அனைவரும் தீய நோக்கம் உடையவர் அல்லர். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டுபவரும், விடுப்பில் செல்லுமுன் அதனைச் சக ஊழியரிடம் சொல்பவரும், அலுவலகக் கோப்பைத் தம் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்பவரும் பெரும்பாலும் பணியை உரிய நேரத்தில் முடிக்க முனைபவர்களே. அவ்வாறாயின், அவர்கள் விதியை மீறுவது ஏன்?

முதற்காரணம், விதியே வேலைக்குக் குறுக்கே நிற்பதாகும். ஆன் ஆடம்ஸ், ஏஞ்சலா சாசே ஆகிய இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. பல கடவுச்சொற்களை நினைவில் வைத்து, அவற்றை அடிக்கடி மாற்றவும் பணிக்கப்பட்டோர், எளிதில் ஊகிக்கத்தக்க சொற்களையே அமைத்தனர். அவற்றை எழுதியும் வைத்தனர். கடுமையான விதி பாதுகாப்பைக் குறைத்துவிட்டது. அமெரிக்கத் தேசியத் தர நிர்ணயக் கழகமும் 2017இல், கடவுச்சொல் வெளிப்பட்டதற்குச் சான்று இல்லாதபோது, குறித்த கால இடைவெளியில் அதனை மாற்றுமாறு வற்புறுத்த வேண்டியதில்லை என அறிவுறுத்தியது.

இரண்டாவது, மனம் தனக்குத்தானே கூறிக்கொள்ளும் சமாதானம். தவறு செய்வோர் தம் செயலை எவ்வாறு நியாயப்படுத்துகின்றனர் என்பதைச் சைக்ஸ், மாட்சா என்னும் அறிஞர்கள் 1957இல் வகைப்படுத்தினர். ‘எவருக்கும் தீங்கில்லை’, ‘என் குழுவுக்காகவே செய்தேன்’ என்பன அத்தகையவை. சிப்போனென், வான்ஸ் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, தகவல் பாதுகாப்பு விதிமீறலிலும் இச்சமாதானங்களுக்குப் பெரும் பங்குண்டு எனக் கண்டது.

மூன்றாவது, அச்சம். 2018இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் கணினியமைப்பிலிருந்து 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. ஜூன் மாதத்திலேயே ஊழியர் சிலர் ஐயத்திற்குரிய அறிகுறிகளைக் கண்டிருந்தனர். ஆயினும் ஜூலை 10ஆம் நாள்தான் செய்தி இணையப் பாதுகாப்பு அமைப்பை எட்டியது. மேலிடத்திற்குத் தெரிந்தால் தம்மீதும் தம் குழுவினர்மீதும் நெருக்கடி கூடும் என்று கருதி, பொறுப்பாளர் ஒருவர் அறிவிக்கத் தயங்கியதை விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. தாக்கியோர் திறன்மிக்கவரே, எனினும், தரவு பறிபோனது தவிர்க்கவியலாத விளைவன்று என்றும் அக்குழு கருதியது.

இம்மூன்று காரணங்களுள் எதனையும் தண்டனை மட்டும் நீக்கிவிடாது. விதியை வகுப்போர் வேலை நடக்கும் முறையை முதலில் அறிதல் வேண்டும். விதியின் காரணத்தை ஊழியருக்கு விளக்குதல் வேண்டும். ஐயத்தை உடனே தெரிவிப்பவர் பழிக்கு ஆளாகாதவாறு காத்தல் வேண்டும். மாணவரின் மதிப்பெண்களையும் குடும்ப விவரங்களையும் கணினியில் வைத்திருக்கும் பள்ளிகளுக்கும் இது பொருந்தும்.